பின் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்: மாற்றுவதற்கு முன் விளங்கிக்கொள்ள வேண்டியவை

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு, மருமகன் முறையான இளைஞர் ஒருவர் தமது காருடன் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் ட்ரம் பிரேக்கும் கொண்ட, யப்பானில் செய்யப்பட்ட சிறிய கார் அது. “மாமா, பிரேக் சரியாய்ப் பிடிக்குதில்லை. பின்னுக்கும் டிஸ்க் போட்டால் நல்லாய்ப் பிடிக்கும்தானே? சாமான் கொழும்பிலை பஞ்சிகாவத்தையிலை எடுக்கலாமாம்” என்றார். “தம்பி, முதலில் வீலைக் கழற்றும், பார்ப்பம்” என்று சொன்னேனே தவிர, அவருடைய கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. பின் பிரேக்கை மாற்றுவது ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுகிற வேலை போலத் தோன்றினாலும், உண்மையில் அது நான்கு சக்கரங்களுக்கும் இடையே தொழிற்சாலை அமைத்துக்கொடுத்த ஒரு சமநிலையில் கைவைக்கிற வேலை. அந்தச் சமநிலை எது என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பிரேக் செய்கிற வேலை வாகனத்தின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான். 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 247 கிலோயூல் இயக்கசக்தி இருக்கிறது. காரை நிறுத்துவதென்றால் அந்தச் சக்தி முழுவதையும் உராய்வின் மூலம் வெப்பமாக்கி, இரும்பில் ஏற்றி, அந்த இரும்பிலிருந்து காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். ட்ரம், டிஸ்க் ஆகிய இரண்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. செய்கிற விதம் வேறு.

ட்ரம் பிரேக்கில் சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதற்குள், சுழலாத தகடு ஒன்றில், பிறை வடிவமான இரண்டு ‘சூ’க்கள் பொருத்தப்பட்டிருக்கும். பெடலை மிதிக்கும்போது வீல் சிலிண்டரின் இரு பக்கத்துப் பிஸ்டன்களும் வெளியே தள்ளி, சூக்களின் மீதுள்ள உராய்வுப் பட்டையான லைனரைக் கிண்ணத்தின் உட்சுவரோடு அழுத்துகின்றன. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் சூக்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. டிஸ்க் பிரேக்கில் கிண்ணத்துக்குப் பதிலாகத் திறந்தவெளியில் சுழலும் வட்டத் தகடு இருக்கும். அதைக் காலிப்பர் எனப்படும் கவ்வி இரு பக்கமும் ‘பாட்’ என்ற உராய்வுக் கட்டை வைத்து நெரிக்கிறது. கிடுகு பின்னும்போது ஓலையை விரல்களுக்கிடையில் பிடிப்பது போன்ற பிடி அது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பிரான்சில் லூயி றெனோ ட்ரம் பிரேக்கை வாகனத்துக்கேற்ப அமைத்ததும், இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்ரர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் 1902ஆம் ஆண்டிலேயே நடந்தன. ஆனால் டிஸ்க்கின் பெருமை உலகுக்குத் தெரிய அரை நூற்றாண்டு சென்றது. 1953இல் டன்லொப் டிஸ்க் பிரேக் பூட்டிய யாகுவார் சி-ரைப் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது; 1955இல் சிற்றொயன் டிஎஸ் கார் முன் சக்கரங்களில் டிஸ்க்குடன் சந்தைக்கு வந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாண வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 ஆகிய கார்களின் நான்கு சக்கரங்களிலும் ட்ரம்தான் இருந்தது. எரிபொருள் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியபோதும் அவற்றை நிறுத்தியவை அதே ட்ரம்கள்தாம்.

ட்ரம்முக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. இனி வரும் பெரும்பாலான விடயங்கள் அதைச் சுற்றியே சுழல்வதால், அதைச் சற்று ஆறுதலாகப் பார்க்க வேண்டும். கிண்ணம் சுழலும் திசையை நோக்கித் தள்ளப்படுகிற முன் சூவானது சுவரில் தொட்டதும், சுழற்சியே அதை இழுத்து மேலும் இறுக்கமாக அழுத்திவிடுகிறது. கதவின் கீழே ஆப்பு வைத்தால், கதவு தள்ளத் தள்ள ஆப்பு இறுகுவது போன்றதே இதுவும். ஆகவே நீங்கள் கொடுக்கும் விசையைவிட மிகக் கூடுதலான விசை லைனரில் கிடைக்கிறது. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை; பாட்டுகள் தகட்டுக்குச் செங்குத்தாக அழுத்துவதால், கொடுத்த விசை அப்படியே போய்ச் சேருகிறது. ஒரே அளவு தள்ளுவிசைக்கு, முன் சூவும் பின் சூவும் கொண்ட சாதாரண ட்ரம், டிஸ்க்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடுப்புவிசையைத் தருகிறது. டிஸ்க்கில் பிஸ்டன் பெரிதாக இருப்பதும், டிஸ்க் பூட்டிய கார்களில் பெடலுக்கு உதவியாக வெற்றிடப் பூஸ்டர் பெரும்பாலும் இருப்பதும் இந்தக் குறையை ஈடுசெய்வதற்காகவே.

அப்படியானால் உலகம் ஏன் டிஸ்க்குக்கு மாறியது? காரணம் பலம் அல்ல, வெப்பம். ட்ரம் மூடிய பாத்திரம். சூடு வெளியேறத் தாமதமாகிறது. சூடேறிய கிண்ணம் விரிந்து சூவிலிருந்து விலகிப் போவதால், பெடல் ஆழத்துக்குப் போகிறது. லைனரும் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் உராய்வை இழக்கிறது. டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகிறது. சூடேறி விரிந்தாலும் அது பாட்டை நோக்கித்தான் தடிக்கிறது. அதோடு, தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் ட்ரம்மின் சுயவலிமை உராய்வில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் பெருக்கிக் காட்டும். இடது பக்கம் சற்று ஈரமாக இருந்தாலே வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க் அப்படிக் குழம்புவதில்லை.

நிறுத்தும்போது பாரம் எங்கே போகிறது

பின் டிஸ்க் பற்றிய நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை. ஓடுகிற பஸ்ஸில் சாரதி திடீரென்று பிரேக் பிடித்தால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் முன்னே சாய்கிறார்கள் அல்லவா? வாகனமும் அப்படித்தான் தன் பாரத்தை முன் சக்கரங்களின் மேல் சாய்க்கிறது. எவ்வளவு சாய்க்கிறது என்பதைக் கணக்கிடலாம். ஆட்களுடன் 1000 கிலோ எடையும், முன் பின் அச்சுகளுக்கிடையில் 2.4 மீற்றர் நீளமும், நிலத்திலிருந்து 0.55 மீற்றர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் சக்கரங்களில் 600 கிலோவும் பின் சக்கரங்களில் 400 கிலோவும் இருக்கின்றன என்று வைப்போம். உலர்ந்த தார் வீதியில், புவியீர்ப்பின் 0.8 பங்கு வேகத்தணிப்புடன் கடுமையாகப் பிரேக் பிடித்தால், பின்னிருந்து முன்னுக்கு மாறும் பாரம் ஏறத்தாழ 183 கிலோ. அந்தக் கணத்தில் முன்னே 783 கிலோவும் பின்னே 217 கிலோவும் இருக்கும். சக்கரம் எவ்வளவு பிடிக்க முடியும் என்பது அதன் மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. எனவே காரை நிறுத்தும் வேலையில் ஐந்தில் நான்கு பங்கை முன் பிரேக்குகளே செய்கின்றன. மிச்சமுள்ள ஒரு பங்குக்கு ட்ரம் போதும் என்று தொழிற்சாலைகள் தீர்மானித்ததில் செலவுக் கணக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பிழையான கணக்கு அல்ல.

இதற்குள் இன்னொரு எல்லையும் இருக்கிறது. எந்தப் பிரேக்கும் ரயரின் பிடிமானத்தைத் தாண்டி வாகனத்தை நிறுத்த முடியாது. இப்போது உள்ள பிரேக்கை முழுப்பலத்துடன் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது, அல்லது அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உதறத் தொடங்குகிறது என்றால், பிரேக்கின் பலம் ஏற்கெனவே ரயரின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எத்தனை டிஸ்க் பூட்டினாலும் நிற்கும் தூரம் குறையாது. மேலே சொன்ன கார் 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அதே 0.8 பங்குத் தணிப்பில் நிற்க ஏறத்தாழ 31 மீற்றர் தேவை. பின்னே இருப்பது ட்ரம்மா டிஸ்க்கா என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வீதி நனைந்திருக்கும்போது கணக்குச் சற்று மாறும். 0.4 பங்குத் தணிப்பே சாத்தியமான ஈர வீதியில் முன்னுக்கு மாறும் பாரம் பாதியாகிவிடுவதால், பின்னே 308 கிலோ வரை இருக்கும். அதாவது மழையில் பின் பிரேக் கூடுதலாக வேலை செய்ய இடமுண்டு. ஆனால் கூடுதலாக வேலை செய்வதும் அளவுக்கு மிஞ்சிச் செய்வதும் ஒன்றல்ல. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முந்திப் பூட்டிக்கொண்டால், அவை பக்கவாட்டுப் பிடிமானத்தை இழந்து, காரின் பின்பகுதி முன்பகுதியை முந்த முயலும். கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும். முன் சக்கரம் பூட்டினால் திருப்ப முடியாமல் நேரே போகும்; அதுவும் ஆபத்துத்தான், ஆனால் காலைத் தளர்த்தினால் மீளலாம். சுழலத் தொடங்கிய காரைப் பழக்கமில்லாத சாரதி மீட்பது அரிது. ஆகவே எல்லாக் கார்களிலும் முன் பிரேக் முந்திப் பூட்டும்படியே வடிவமைக்கிறார்கள். பின் டிஸ்க் மாற்றத்தில் காப்பாற்றப்பட வேண்டிய முதல் விதி இதுவே.

யாழ்ப்பாணத்துக்கு டிஸ்க் எவ்வளவு தேவை

கீரிமலை பெயரில் மட்டுமே மலையாக இருக்கிற குடாநாடு இது. இங்கே ஓடும் காரின் பின் ட்ரம் சூடேறிப் பலம் இழக்கும் அளவுக்கு வேலை வருவதில்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது கதை வேறு. 1000 கிலோ வாகனம் 500 மீற்றர் உயரம் இறங்கினாலே ஏறத்தாழ 4.9 மெகாயூல் சக்தியைக் கழிக்க வேண்டும். 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இருபது தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு அது சமம். இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்கிறவருக்கு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தாலும் கடுகண்ணாவை இறக்கத்தில் புகை மணக்கும்.

மழை வெள்ளம் டிஸ்க்குக்குச் சாதகமான நியாயம். கார்த்திகை மார்கழியில் ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீருக்குள் ஓட்டி வெளியே வந்ததும் ட்ரம்முக்குள் புகுந்த தண்ணீர் லைனரை நனைத்து, முதல் சில மிதிகளுக்குப் பிடிக்காமல் செய்துவிடும். டிஸ்க்கோ சுழற்சியிலேயே நீரை உதறிவிடும். ட்ரம் உள்ளவர்கள் வெள்ளத்தைத் தாண்டியதும், பின்னால் வாகனம் வராத இடத்தில், மெதுவாக ஓடிக்கொண்டே பெடலை இலேசாகப் பிடித்துச் சூக்களைக் காயவைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

உப்புக்காற்று இதற்கு எதிரான நியாயம். பண்ணைப் பாலம் தாண்டித் தீவகத்துக்கோ, பருத்தித்துறைக் கரையோரத்துக்கோ நாளாந்தம் போய்வரும் கார்களில் திறந்த டிஸ்க் ஓரிரவிலேயே செம்பழுப்பாகிவிடும். ஓடினால் அது தேய்ந்து போகும். ஓடாமல் நின்றால்தான் சிக்கல். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓடவென்று மாமரத்தடியில் பதினொரு மாதம் நிறுத்திவைத்த கார்கள் நம் ஊரில் பல உண்டு. அவற்றில் டிஸ்க்கின் மேற்பரப்புக் குழிவிழுவதும், காலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் இறுகிப்போவதும், ஒரு பக்கப் பாட் மட்டும் தேய்வதும் வழக்கமான கோளாறுகள். ட்ரம்மும் முற்றிலும் தப்புவதில்லை, குறிப்பாகக் கைப்பிரேக்கை இழுத்தபடி விட்டுப்போனால் லைனர் கிண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் மூடிய உராய்வுப் பரப்புக்கு இந்த நிலைமை கூடுதலாகப் பொருந்துகிறது. ஜேர்மனியின் ஃபொக்ஸ்வாகன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஐடி.3 மின்சாரக் காரின் பின் சக்கரங்களில் ட்ரம்மையே வைத்ததற்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு: மோட்டாரே பெரும்பாலான தடுப்பைச் செய்துவிடுவதால் அரிதாகப் பயன்படும் பின் பிரேக், திறந்திருந்து துருப்பிடிப்பதைவிட மூடியிருப்பது மேல்.

மருமகனுடைய காரின் பின் வீலைக் கழற்றியபோது கண்டவற்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இடது பக்க வீல் சிலிண்டரின் றப்பர் மூடியை விரலால் தூக்கியதும் பிரேக் ஒயில் வடிந்தது. அந்த ஒயிலில் ஊறிய லைனர் கண்ணாடி போலப் பளபளத்தது. தானாகவே இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்ரர் இரு பக்கமும் துருவில் இறுகிப்போயிருந்ததால், சூக்கள் கிண்ணத்திலிருந்து விலகியே இருந்தன. ரயர்களின் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத் திகதி 2214. அதாவது 2014ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை. பல்லும் குறைந்து, றப்பரும் கல்லாகியிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னது முழு உண்மை. ட்ரம் என்பதால் பிடிக்கவில்லை என்று நினைத்ததுதான் தவறு. இரண்டு வீல் சிலிண்டர், ஒரு தொகுதி சூ, ஸ்பிரிங்குகள், புது ஒயில், நான்கு ரயர் ஆகியவற்றுடன் அந்தக் கார் இப்போது நேராக நிற்கிறது. கிண்ணத்தை லேத்தில் ஒருமுறை மெல்லச் சீவினோம். கிண்ணத்தில் பொறித்திருக்கும் அதிகபட்ச உள்விட்டத்தைத் தாண்டிச் சீவக்கூடாது. பழைய ட்ரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசை எயார் குழாயால் ஊதவும் கூடாது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரோஸ் இருந்திருக்கலாம். சவர்க்கார நீரால் நனைத்துக் கழுவி எடுப்பதே பாதுகாப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் பின் டிஸ்க் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எஞ்சினை மாற்றிப் பலம் கூட்டியவர்கள், மலைநாட்டுக்கு அடிக்கடி பாரத்துடன் போகிறவர்கள், பழைய கார் ஒன்றுக்கு ட்ரம் பாகங்கள் கிடைக்காமல் தவிப்பவர்கள் ஆகியோரின் தேவையை நான் மறுக்கமாட்டேன். அலோய் வீலின் இடைவெளியால் டிஸ்க் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வாதம் செய்ய வேண்டியதில்லை. இனி வருவது அவர்களுக்கு.

எவையெல்லாம் கூடவே மாற வேண்டும்

முதலில் விசையின் கணக்கு. பின் ட்ரம்மின் உள் ஆரை 100 மில்லிமீற்றர், வீல் சிலிண்டரின் விட்டம் 17.5 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 240 சதுர மில்லிமீற்றர். ட்ரம்மின் பெருக்கம், அதாவது தள்ளுவிசை எத்தனை மடங்கு தடுப்புவிசையாகிறது என்பது, 2.2 என்று கொண்டால், பரப்பையும் பெருக்கத்தையும் ஆரையையும் பெருக்க ஏறத்தாழ 53,000 என்று ஓர் எண் வருகிறது. இதே ஒயில் அழுத்தத்தில், 34 மில்லிமீற்றர் பிஸ்டனும் 105 மில்லிமீற்றர் செயற்படு ஆரையும் கொண்ட டிஸ்க்கை வைத்தால், பிஸ்டன் பரப்பு 908, பெருக்கம் 0.75, எண் ஏறத்தாழ 71,500. அதாவது பின் பிரேக் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலம் கூடிவிட்டது. முன்னே எதையும் மாற்றாமல் இதைச் செய்தால், மேலே சொன்ன விதி உடைந்து, பின் சக்கரம் முந்திப் பூட்டும். பிஸ்டன் 30 மில்லிமீற்றராக இருந்தால் எண் ஏறத்தாழ 55,700 ஆகி, பழைய ட்ரம்முக்கு மிக அருகில் வரும். பெரிய காலிப்பர் நல்ல காலிப்பர் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ட்ரம்மின் பெருக்கம் லைனருக்கு லைனர் மாறும் என்பதால் இது ஒரு மதிப்பீடே. ஆனால் முப்பதுக்கும் முப்பத்துநான்குக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்ட இதுவே போதும்.

அடுத்தது ஒயிலின் அளவு. காலிப்பர் பிஸ்டன் பெரிதாகையால் அதை நகர்த்தப் பெரும்பாலும் கூடுதல் ஒயில் தேவைப்படும். பெடலின் மிதியை ஒயில் அழுத்தமாக்கி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் ஆழத்துக்குப் போகும். முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலாக 13/16 அங்குலத்தை வைத்தால் ஒரே மிதிக்கு 17 வீதம் கூடுதல் ஒயில் போகும். ஆனால் அதே அழுத்தத்தைப் பெறக் காலும் 17 வீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். பூஸ்டர் இல்லாத பழைய காரில் இது முதியவர்களுக்குச் சிரமம் தரும்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் மறைந்திருக்கும் இன்னொரு சிறு பாகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய ட்ரம் தொகுதிகளில், கால் எடுத்த பின்னும் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். சூவை இழுக்கும் ஸ்பிரிங்குகள் அந்த அழுத்தத்தை வெல்லக்கூடியவை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை. எனவே அந்த வால்வை அகற்றாமல் டிஸ்க் பூட்டினால், பாட்டுகள் ஓயாமல் உரசிச் சூடேறும். இதற்கு நேர்மாறான சிக்கல் மொறிஸ் மைனரில் உண்டு. அதன் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், டிஸ்க்கிலிருந்து ஒயில் தானாகவே திரும்பி இறங்கிவிடும். அதைத் தடுக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று வேண்டும்.

பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு தொழிற்சாலையிலேயே பல கார்களில் இருக்கிறது. சிலவற்றில் அது பின் அச்சோடு இணைந்து, பாரம் கூடக்கூட அழுத்தத்தைக் கூட்டும். அதன் அளவு ட்ரம்முக்காக நிர்ணயிக்கப்பட்டது. திருகிச் சரிசெய்யக்கூடிய வால்வு ஒன்றை இடையில் பூட்டலாம் என்பார்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே குழாய் போகும் பழைய கார்களில் அது சரி. ஆனால் இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பிரேக் குழாய்கள் பெரும்பாலும் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும்: முன் இடதுக்கும் பின் வலதுக்கும் ஒன்று, முன் வலதுக்கும் பின் இடதுக்கும் மற்றொன்று. ஒன்றில் கசிவு வந்தாலும் மற்றது நிறுத்தும் என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டையும் ஒரே வால்வுக்குள் கொண்டுவந்து இணைப்பவர் அந்தப் பாதுகாப்பையே அழித்துவிடுகிறார். ஏபிஎஸ் உள்ள காரில் முன் பின் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையையும் பெரும்பாலும் கணினியே செய்வதால், அதற்குத் தெரியாமல் பின் பிரேக்கின் தன்மையை மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கைப்பிரேக்கே பலருக்கும் கடைசியில் நினைவுக்கு வருவது. ட்ரம்மில் ஒரு நெம்புகோலும் கம்பியும் போதும். சுயவலிமையும் கூடவே கிடைக்கும். டிஸ்க்கில் அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, காலிப்பருக்குள்ளேயே திருகுமுறை பொருந்தியது. இதில் பாட் மாற்றும்போது பிஸ்டனைச் சுழற்றி உள்ளே அனுப்ப வேண்டும். முன் காலிப்பரைப் போல நினைத்துக் கவ்வியால் நெரித்து உடைத்தவற்றைக் கராஜ் மூலைகளில் கண்டிருக்கிறேன். மற்றையது, டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் சிறிய ட்ரம் ஒன்றை வைப்பது. நிறுத்திவைக்க அது நம்பகமானது. ஆனால் பாகங்களும் வேலையும் கூடும். எதுவானாலும் பழைய கம்பியின் நீளம் பொருந்தாது. கைப்பிரேக் இல்லாத காலிப்பரைப் பூட்டிவிட்டுக் கியரில் விட்டால் போதும் என்று சொல்கிறவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம்.

வீலுக்குள் காலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 12, 13 அங்குல வீல்களில் அது பெரும்பாலும் முட்டும். அப்போது வீலும் ரயரும் சேர்ந்து மாறும். காலிப்பரைத் தாங்கும் தகடு இன்னொரு முக்கியமான இடம். முழுத் தடுப்பு விசையும் அதன் வழியாகவே அச்சுக்குப் போகிறது. கைக்குக் கிடைத்த இரும்புத் துண்டை வெட்டி அச்சில் வெல்டிங் செய்து ஒட்டுவது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல.

இத்தனை தொல்லைக்கும் நேர்மையான குறுக்குவழி ஒன்றுண்டு. அதே மாதிரிக் காரின் உயர்தர வகை ஒன்றில் தொழிற்சாலையே பின் டிஸ்க் பூட்டியிருந்தால், அந்தக் காரின் அச்சு முனை, ஹப், தாங்கு தகடு, காலிப்பர், டிஸ்க், கைப்பிரேக் கம்பிகள், அழுத்த வால்வு, மாஸ்டர் சிலிண்டர் அனைத்தையும் ஒரே காரிலிருந்து எடுப்பதே அது. பொறியியலாளர்கள் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலோ பஞ்சிகாவத்தையிலோ வாங்கினாலும், பாக இலக்கங்களை எழுதிக்கொண்டு போங்கள். பாவித்த டிஸ்க்கின் தடிப்பை அளந்து, அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். றப்பர் ஹோஸ்களையும் காலிப்பர் சீல்களையும் மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்க வேண்டும்.

பூட்டும் வேலையில் எனக்கு ஏற்பட்ட தவறு ஒன்று பிறருக்குப் பயன்படலாம். பல வருடங்களுக்கு முன்பு, இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பூட்டிவிட்டேன். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின. பின்னேரம் முழுவதும் ஒயிலில் சிக்கிய காற்றை எடுத்தும் பெடல் பஞ்சு போலவே இருந்தது. அரை லீற்றர் ஒயில் வீணானது. காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். என்னுடையது அடியில் இருந்தது. ஒயில் வடிய, காற்று மேலே தங்கிவிட்டது. மாறிப் பூட்டியதும் பத்து நிமிடத்தில் பெடல் இறுகியது.

ஒயிலைப் பொறுத்தவரை மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் குறித்துள்ள வகையையே ஊற்ற வேண்டும். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசிலும், டொட் 4 குறைந்தது 230 பாகையிலும் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. இவை காற்றின் ஈரத்தை உறிஞ்சுவன. ஈரம் சேர்ந்ததும் அந்த எல்லைகள் முறையே 140, 155 பாகை வரை இறங்கக்கூடும். நம்முடைய கரையோரக் காற்றில் திறந்த போத்தலை இராக்கையில் வைத்து அடுத்த வருடம் ஊற்றுவது வீண் சிக்கனம். எஞ்சின் ஒயில் ஒரு துளி கலந்தாலும் றப்பர் சீல்கள் ஊதிப் பழுதாகும்.

வேலை முடிந்ததும் முதல் சோதனை முற்றத்திலேயே நடக்க வேண்டும். எஞ்சினை இயக்கிப் பெடலை ஒரு நிமிடம் உறுதியாக மிதித்து வைத்திருங்கள். அது மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பிறகு, ஆட்களும் வாகனமும் இல்லாத வெளியில், நடை வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரம் முந்திப் பூட்டுகிறது என்று, பாதுகாப்பான தூரத்தில் நிற்கும் ஒருவர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். பின் சக்கரம் முந்தினால் அந்தக் கார் வீதிக்கு வரக்கூடாது. சரியாக இருந்தால், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைப் பத்துத் தடவை, இடையில் ஆறவிட்டுச் செய்தால் பாட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். சில நூறு கிலோமீற்றருக்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளக்கும் ரோர்க் சாவியால் மீண்டும் பார்க்க வேண்டும்.

மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் தரும் பதிலையும் வைத்திருங்கள். அதோடு, எந்தக் காரின் பாகங்கள் பூட்டப்பட்டன, பிஸ்டனின் விட்டம் என்ன, பாட்டின் இலக்கம் என்ன, மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாகனப் புத்தகத்துடன் வைக்க வேண்டும். ஐந்து வருடங்களுக்குப் பிறகு அந்தக் காரை வாங்கும் ஒருவர், பெயரைச் சொல்லிக் கடையில் ‘சூ’ கேட்டு வாங்கிவந்து, வீலைக் கழற்றிப் பார்த்துத் திகைத்து நிற்கக்கூடாது.